அஸ்திரகான்: கடலே தெரியாத ஊர் எப்படித் துறைமுகம் ஆனது? மகளை அனுப்பும் முன் கேட்கிறேன்

கோத்தகிரி விவசாயி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது சின்ன மலைக் கிராமத்தில் இருக்கிறோம். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் மலைக்காய்கறி. மகள் நீட் தேர்வில் தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. ரஷ்யாவில் அஸ்திரகான் என்ற ஊரில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது. கட்டணம், அங்கீகாரம், திரும்பி வந்ததும் எழுத வேண்டிய தேர்வு, இதையெல்லாம் நாலு இடத்தில் விசாரித்துவிட்டேன். இங்கே நான் கேட்பது அந்த ஊரைப் பற்றி மட்டும்.

அனுப்பி வைக்கும் ஏஜென்ட் "காஸ்பியன் கடற்கரை நகரம் சார், பெரிய துறைமுகம், மெரினா மாதிரி இருக்கும்" என்கிறார். மகள் போனில் மேப்பைத் திறந்து பார்த்தாள். கடல் எங்கேயோ கீழே கிடக்கிறது. ஊரைச் சுற்றி நீலக் கோடுகள் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. கடல் இல்லாத இடத்தில் துறைமுகம் எப்படி என்று அவள் கேட்டதற்கு ஏஜென்ட்டிடம் பதில் இல்லை. ஊரே தெரியாதவர் சொல்லும் மற்ற விஷயங்களை நான் எப்படி நம்புவது?

குளிரைப் பற்றியும் கேட்க வேண்டும். மார்கழி, தையில் இங்கே உறைபனி பார்த்து வளர்ந்தவள்தான், ஆனாலும் ரஷ்யக் குளிர் வேறு அல்லவா. சண்டை நடக்கும் நாடு என்பதால் அந்தப் பயமும் இருக்கிறது. என் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்த ஊரில் நம்மவர்கள் யாராவது இருந்திருக்கிறார்களா?" அங்கே வாழ்ந்தவர்கள், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, முழுவதும் படிப்போம்.


கூடலூர் டாக்டர் எழுதியது:

அண்ணா, நான் அங்கேதான் படித்தேன். கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள், இப்போது இங்கேயே மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. கடல் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது புரிந்தால் ஊர் முக்கால்வாசி புரிந்துவிடும்.

மேப் பொய் சொல்லவில்லை. அஸ்திரகானில் நின்றால் கடல் தெரியாது, அலைச் சத்தமும் கேட்காது. கடல் தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் இருக்கிறது. 3,500 கிலோமீட்டர் ஓடி வந்த வோல்கா ஆறு கிளை கிளையாகப் பிரியும் இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவிலேயே பெரிய டெல்டா அதுதான். ஊர் 11 தீவுகளின் மேல் பரந்திருப்பதாகச் சொல்வார்கள். காய்கறி வாங்கப் போனாலும் ஒரு பாலம், கல்லூரிக்குப் போனாலும் ஒரு பாலம். மகள் பார்த்த நீலக் கோடுகள் எல்லாம் வோல்காவின் கிளைகளும் கால்வாய்களும்தான்.

காஸ்பியன் நாலா பக்கமும் நிலம் சூழ்ந்த கடல். ரஷ்யா, கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஈரான், அஜர்பைஜான் என்று ஐந்து நாடுகளுக்கு நடுவில் கிடக்கிறது. அதில் வந்து விழும் ஆற்றுநீரில் சுமார் 80 சதவீதம் வோல்கா ஒன்றே கொண்டுவருவது. வந்த நீர் வேறெங்கும் போக வழி கிடையாது, வெயிலில் ஆவியாகித்தான் தீர வேண்டும். வரவு குறைந்தாலோ வெயில் கூடினாலோ கடலே இறங்கிவிடும். 1929-க்கும் 1977-க்கும் இடையில் சுமார் 3 மீட்டர் இறங்கியது. பிறகு 1995 வரை ஏறியது. அதன் பின் மறுபடி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வடக்குப் பகுதியின் சராசரி ஆழம் 5, 6 மீட்டர்தான், சாப்பாட்டுத் தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி. அதனால் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கரை பல கிலோமீட்டர் பின்வாங்கிவிடும். இப்படிப்பட்ட கரையில் யார் போய் ஊர் கட்டுவார்கள்? ஆற்றுக்குள் தள்ளி, மேடு பார்த்துக் கட்டினார்கள். கடலிலிருந்து கப்பல்கள் தூர்வாரிய கால்வாய் வழியாக ஆற்றுக்குள் ஏறி வருகின்றன. வோல்கா–காஸ்பியன் கால்வாய் என்று பெயர், 188 கிலோமீட்டர் நீளம். விடாமல் தூர்வாரினால்தான் கப்பல் வரும். மெரினா எல்லாம் கிடையாது என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள்.

உயரத்தையும் மகளிடம் சொல்லுங்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் மேலே. அஸ்திரகான் கடல் மட்டத்துக்கு 20 மீட்டருக்கும் கீழே! காஸ்பியனின் நீர்மட்டம் அதைவிடக் கீழே, உலகக் கடல்மட்டத்துக்கு 28 மீட்டருக்கும் கீழே இருக்கிறது.

இனி தட்பவெப்பம். நீங்கள் குளிருக்குப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படச் சொல்வது வெயிலுக்கு. ஜூலையில் 40 டிகிரியைத் தொடும், சில சமயம் தாண்டும். நிழலுக்குச் சோலை கிடையாது, ஊரைத் தாண்டினால் வறண்ட புல்வெளியும் மணலும். வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர். 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அது அந்த ஊருக்கு நாலு வருட மழை. மழை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வறட்சிதான் முதலில் ஒரு மாதிரி இருக்கும். உதடு வெடிக்கும், மூக்கு காயும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் சராசரி பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே. இரவில் மைனஸ் 15, 20 போகிற நாட்களும் உண்டு. பனி குறைவு, காற்று அதிகம். வோல்கா உறைந்துவிடும். பெரியவர்கள் பனிக்கட்டியில் துளை போட்டு, பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, மணிக்கணக்கில் தூண்டில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒன்று, ஊட்டி வீட்டுக்குள் நாம் படும் குளிர் அங்கே கிடையாது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எல்லாக் கட்டடத்திலும் சுவரோரம் சுடுநீர்க் குழாய் ஓடும். அறைக்குள் அரைக்கைச் சட்டை போதும். வெளியே போகும்போதுதான் சுற்றிக்கொள்ள வேண்டும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். மே கடைசியிலும் ஜூனிலும் வோல்காவில் வெள்ளம் வரும் சமயம் ஒரு சின்னப் பூச்சி கிளம்பும். மோஷ்கா என்பார்கள். கண்ணுக்குள், காதுக்குள், தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். கடித்த இடம் வீங்கிவிடும். அதற்கு ஊர்க்காரர்கள் கையாளும் மருந்து வெனிலா! வெனிலாப் பொடியைத் தண்ணீரில் கரைத்தோ முகக் கிரீமில் குழைத்தோ கழுத்திலும் காதோரத்திலும் தடவிக்கொள்வார்கள். அந்த வாரங்களில் பஸ்ஸில் ஏறினால் பேக்கரிக்குள் நுழைந்த மணம் அடிக்கும். முதல் வருடம் நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாரிய இனத்துப் பாட்டி என்னைப் பிடித்து நிறுத்தி, தன் கையாலேயே காதுக்குப் பின்னால் தடவிவிட்டார். ஓரளவு வேலை செய்யும்.

சாப்பாடு. மீன் சாப்பிடும் வீடென்றால் கவலையே இல்லை. போல்ஷியே இசாடி என்று ஒரு பெரிய சந்தை. வோப்லா என்ற மீனை உப்பில் ஊறவைத்து, கண்ணில் கயிறு கோத்துக் காற்றில் காயவைத்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். நம் கருவாடுதான், ஆனால் சமைக்காமல் அப்படியே தின்பார்கள். முதலில் மீனை மேஜை விளிம்பில் நாலு தட்டு தட்டித் தளர்த்துவார்கள். தலையைத் திருகி எடுத்து, முதுகுத் துடுப்பைப் பிடித்து இழுத்தால் தோல் ஒரே உரியாக வந்துவிடும். உள்ளே சிவந்த சினை இருந்தால் அது வீட்டுக் குழந்தைக்கு. எனக்கும் பல வீடுகளில் அந்தப் பங்கு கிடைத்தது, ஊரைவிட்டு வந்த பிள்ளை என்பதால். உப்பும் அந்த மாநிலத்துடையதே, பஸ்குன்சாக் ஏரியில் வெட்டி எடுப்பது.

இந்த ஊரின் பெயர் சொல்லி உலகம் முழுவதும் விற்றது கறுப்பு மீன்முட்டை, கேவியர். ஸ்டர்ஜன் மீனின் சினை. அந்த மீன் முட்டையிட ஆற்றில் மேலே ஏறிப் போக வேண்டும். வோல்காகிராட் அணை கட்டியதும் வழி அடைபட்டது. அப்புறம் சோவியத் உடைந்த பிறகு திருட்டுப் பிடிப்பு. இப்போது ஆற்றிலும் கடலிலும் தானாக வளரும் ஸ்டர்ஜனை வியாபாரத்துக்குப் பிடிக்கவே தடை. பண்ணையில் வளர்த்து எடுப்பதுதான் சட்டப்படி கிடைக்கும். யாராவது படகோரம் மலிவாக நீட்டினால் வாங்க வேண்டாம், வழக்கு வரும்.

ஆகஸ்டில் தர்பூசணி. அங்கே விளைவதை ரஷ்யா முழுவதும் கொண்டாடும். தக்காளியும் அப்படித்தான். சைவமாகவே இருந்தாலும் கோடையில் குறை இல்லை.

பாதுகாப்பு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். போர்முனை தூரம். ஆனால் 2025-இல் அந்த வட்டாரத்தில் உள்ள எரிவாயு ஆலையை ட்ரோன்கள் தாக்கின. விமானங்கள் திடீரென்று நிறுத்தப்படுவதும் உண்டு. இன்னொன்று: வேலை, சம்பளம், குடியுரிமை என்று யார் எந்த ரஷ்ய மொழித் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இந்திய இளைஞர்கள் இப்படி ராணுவத்தில் மாட்டிய செய்திகள் நீங்களும் பார்த்திருப்பீர்கள். போவதா வேண்டாமா என்ற முடிவில் இதற்கு இடம் கொடுங்கள். மற்றபடி ஊர் மனிதர்கள் நல்லவர்கள். ரஷ்யர்கள், கஜகர்கள், தாத்தாரியர்கள், கல்மிக்குகள், நொகாய்கள் எல்லாம் ஒரே தெருவில். நம் நிறத்தை யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். அந்த ஊருக்கு வெளியூர்க்காரர் புதிதல்ல.


ஊட்டி வரலாற்று ஆசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இருந்திருக்கிறார்கள், நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாக.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்திய வணிகர்கள் அஸ்திரகானில் கடை வைத்திருந்தார்கள். 1625-இல் அவர்களுக்கென்றே ஒரு சத்திரம் எழுந்தது. கடை, கிடங்கு, தங்கும் அறை, சாமி கும்பிடும் இடம் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். பக்கத்தில் பாரசீகருக்கும் ஆர்மீனியருக்கும் தனித்தனிச் சத்திரங்கள். இவர்கள் தமிழர் அல்லர், அதைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் முல்தான் பக்கத்தவர்கள், சிந்திகள், மார்வாரிகள். முல்தானிலிருந்து காந்தஹார், அங்கிருந்து இஸ்பஹான், பிறகு காஸ்பியன் கரைக்கு வந்து கப்பல் ஏறி வோல்காவின் முகத்துவாரம். இந்த வழி முழுவதும் அவர்களுடைய ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பருத்தித் துணி, பட்டு விற்றார்கள், வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். சமயத்தில் உள்ளூர் அதிகாரிகளே அவர்களிடம் கடன்பட்டிருந்தார்கள். உச்சக் காலத்தில் சுமார் 200 பேர். கேட்கச் சின்ன எண்ணிக்கைதான், ஆனால் அவர்கள் கையில் ஓடிய பணம் பெரிது.

பெண்களை அழைத்து வரவில்லை. சிலர் தாத்தாரியப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அந்த வழியில் வந்தவர்களை அகிரிஜான் தாத்தாரியர் என்று தனியாகவே குறித்திருக்கிறார்கள். டாக்டரம்மாவின் காதுக்குப் பின்னால் வெனிலா தடவிய பாட்டிக்கு எந்த ஊர்ப் பூட்டனோ, யார் கண்டது.

1793-இல் அங்கே போன பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கை அறிஞர் இவர்களுடைய வழிபாட்டை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அப்போதே கூட்டம் தேய்ந்துவிட்டது. 1722-இல் பாரசீகத்தில் சபாவிட் ஆட்சி விழுந்து வழியெல்லாம் கலகமானது. ரஷ்ய வணிகர்களும் தங்கள் சந்தையில் இவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று அரசை நெருக்கினார்கள். நிலவழி வணிகம் அடிவாங்கினால் என்ன ஆகும், ஆள் வரத்து நின்றது. ஆனால் இந்தியர் சத்திரம் என்ற பெயரில் ஒரு பழைய கட்டடத்தை இன்றும் நகருக்குள் காட்டுகிறார்கள். மகள் போனால் அம்மாவுக்காக ஒரு படம் எடுத்து அனுப்பட்டும்.

எதிர்த்திசையிலும் ஒருவர் போனார். அஃபனாசி நிகிதின் என்ற த்வேர் நகர வணிகர், 1460-களில் வோல்கா வழியே இறங்கி வந்தபோது அஸ்திரகான் அருகில் தாத்தாரியர்கள் கப்பலைக் கொள்ளையடித்தார்கள். கையில் ஒன்றும் இல்லை. ஊர் திரும்பினால் கடன்காரர்கள். அவர் திரும்பவில்லை. தெர்பெந்த், பாகு, ஹோர்முஸ் என்று கடந்து, மகாராஷ்டிரக் கடற்கரையில் சவுலில் வந்து இறங்கி, பிதார் வரை போய்ப் பார்த்தார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதற்கும் முன்னால் இபன் பதூதா. பழைய ஊருக்கு அப்போது ஹாஜி தர்கான் என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் தங்கக் கூட்டம் என்ற மங்கோலிய அரசின் சுல்தான் அங்கே குளிர்காலத்தைக் கழிப்பதையும், ஆறு உறைந்ததும் பனிக்கட்டியின் மேல் வைக்கோல் பரப்பி அதன் மீது பயணம் போவதையும் எழுதியிருக்கிறார். அதே மனிதர் பிற்பாடு நம் மதுரைக்கும் வந்தார். வோல்காப் பனியில் நடந்தவர் வைகைக்கரை வெயிலையும் பார்த்துவிட்டார்.

1395-இல் தைமூர் அந்த ஊரை அழித்தார். 1556-இல் இவான் என்ற ஜார் மன்னர் பிடித்தார், பயங்கர இவான் என்போமே அவர்தான். 1558-இல் ஆற்றின் மறுகரையில் ஒரு குன்றின் மேல் புதுக் கோட்டை. அதைக் கல்லும் செங்கல்லுமாக மாற்றும் வேலை 1580-களில் தொடங்கியது. செங்கல்லுக்கு எங்கே போனார்கள் தெரியுமா? மேலே ஆற்றோரம் பாழடைந்து கிடந்த, அந்தத் தங்கக் கூட்டத்தின் சராய் நகருக்கு. ஒரு காலத்தில் ரஷ்ய இளவரசர்கள் கப்பம் கட்ட நடந்த தலைநகரைப் பிரித்து, அந்தச் செங்கல்லால் ரஷ்யக் கோட்டையைக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு வெள்ளையடித்து நிற்கும் அந்தச் சுவருக்கு உள்ளே இருப்பது மங்கோலியர் சுட்ட செங்கல். நான் நேரில் பார்க்காத ஊர்தான். பார்க்க முடிந்தால் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

1670-இல் ஸ்தென்கா ராசின் என்ற கலகக்காரர் அந்தக் கோட்டையையும் பிடித்தார். 1722-இல் மகா பீட்டர் பாரசீகப் படையெடுப்புக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். இதெல்லாம் மகள் அங்கே போய் நிதானமாகத் தெரிந்துகொள்ளட்டும்.


குன்னூர் தேயிலைக்காரர் எழுதியது:

கோத்தகிரி அண்ணாச்சிக்கு வணக்கம். ஆசிரியர் சொன்ன பழைய வழி செத்துவிடவில்லை என்று சொல்லத்தான் வந்தேன். குன்னூர் ஏலத்தில் பல வருடமாக இருக்கிறேன்.

நம் தேயிலைக்கும் ரஷ்யாவுக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரியும். சோவியத் காலத்தில் நீலகிரித் தூளுக்கு அவர்கள் பெரிய வாடிக்கை. 1991-இல் அந்த நாடு உடைந்ததும் வாங்கும் முறையே மாறிப்போய், அதன் பிறகு வந்த வருடங்களில் பசுந்தேயிலை விலை விழுந்து சிறு விவசாயிகள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். இப்போதும் ரஷ்யா வாங்குகிறது. கொச்சியில் கன்டெய்னர் ஏற்றினால் செங்கடல், சூயஸ் தாண்டிக் கருங்கடலுக்குள் போய் நொவொரோசிஸ்கில் இறங்கும், இல்லையென்றால் ஐரோப்பாவையே சுற்றி பீட்டர்ஸ்பர்க். செங்கடலில் ஏதாவது கலவரம் என்றால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றும், வாடகை ஏறும், அந்த அடி கடைசியில் இலை பறிப்பவர் தலையில் விழும்.

இதற்கு மாற்றாக 2000-இல் இந்தியா, ஈரான், ரஷ்யா மூன்றும் கையெழுத்துப் போட்ட ஒரு வழி இருக்கிறது. வடக்கு–தெற்குப் போக்குவரத்து வழித்தடம். மும்பையிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ், அங்கிருந்து லாரியிலோ ரயிலிலோ காஸ்பியன் கரையில் அன்சாலி, மறுபடி கப்பல் ஏறி அஸ்திரகான், அங்கிருந்து ரயிலில் மாஸ்கோ. மொத்தம் 7,200 கிலோமீட்டர் என்று கணக்கு. 2022 ஜூனில் சோதனையாக இரண்டு கன்டெய்னர் மரப்பலகை பீட்டர்ஸ்பர்கிலிருந்து அஸ்திரகான் வழியாக மும்பை பக்கத்து நவசேவா துறைமுகத்துக்கு வந்தது. முல்தான் வணிகர்கள் நடந்த பாதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் டாக்டர் சொன்ன ஆழம் இருக்கிறதே, முட்டுக்கட்டை அங்கேதான். கடல் இறங்க இறங்கக் கப்பல் முழுப் பாரம் ஏற்ற முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் அஜர்பைஜானின் பாகு நகரிலிருந்து வந்த எண்ணெய்க்கும் இதே கதை. நோபல் சகோதரர்கள் 1878-இல் 'ஜோராஸ்டர்' என்ற எண்ணெய்க் கப்பலை அந்தக் கடலில் இறக்கினார்கள், உலகின் முதல் டாங்கர் கப்பல்களில் ஒன்று. பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் ஏற முடியாமல், நடுக்கடலில் ஒன்பது அடி ஆழமுள்ள இடத்தில் நங்கூரம் போட்டு, எண்ணெயைத் தட்டைப் படகுகளுக்கு மாற்றுவார்கள். இன்றைக்கு அஸ்திரகானுக்குக் கீழே, கடலுக்குக் கிட்டத்தில் ஓல்யா என்று இன்னொரு துறைமுகமும் கட்டியிருக்கிறார்கள். எது ஆனாலும் தூர்வார வேண்டும். அந்தக் கால்வாயை ஒழுங்காகத் தூர்வாரினால் நம் மலைத் தேயிலைக்கு நல்லது. இதை நான் ஏலக் கூடத்தில் சொன்னால் கேட்க ஆள் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

டாக்டர், உங்களிடம் ஒரு கேள்வி. அங்கே தேநீரில் உப்பு போடுகிறார்கள் என்கிறார்களே, உண்மைதானா?


கோத்தகிரி விவசாயி எழுதியது:

எல்லோருக்கும் மனசார நன்றி. நேற்று இரவு சாப்பாடு முடிந்ததும் மகள் சத்தமாகப் படித்தாள், அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முல்தான் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். வடக்கே, இப்போது பாகிஸ்தான் என்றேன். "அப்படியும் துணி விற்கப் போயிருக்கிறார்களே" என்றார். சாமி கும்பிட இடம் வைத்திருந்தார்கள் என்றதும் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

மகள் சார்பில் மூன்று கேள்விகள். கடலைப் பார்க்கவே முடியாதா? ரஷ்ய மொழி எவ்வளவு வேண்டும், வகுப்பு ஆங்கிலத்தில் என்கிறார்கள். மூன்றாவது, அந்த ஊர்ப் படங்களில் தாமரைக் குளம் மாதிரி வருகிறது, அது உண்மையா, எங்கிருந்தோ எடுத்துப் போட்டதா?


கூடலூர் டாக்டர் எழுதியது:

தாமரை உண்மை, தங்கச்சி! டெல்டாவின் கீழ்ப்பகுதியில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பூக்கும். குளம் இல்லை, ஆற்று முகத்துவாரம் முழுக்க, கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு இளஞ்சிவப்புப் பூ. படகின் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். இலைகள் நம் தலைக்கு மேல் நிற்கும் இடமும் உண்டு. பறிக்கக் கூடாது. கல்மிக்குகள் பௌத்தர்கள், அவர்களுக்கு அது புனிதம். பக்கத்திலேயே 1919-இல் தொடங்கிய இயற்கைக் காப்பகம் இருக்கிறது. பெலிக்கன், கொக்கு, வெள்ளை வால் கழுகு எல்லாம் பார்க்கலாம். விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டால் பூவைத் தவறவிடுவாய், அதனால் ஒரு ஆகஸ்டிலாவது சீக்கிரம் திரும்பிப் போ.

கடலைப் பார்க்கலாம், ஆனால் நினைக்கிற மாதிரி இருக்காது. படகில் தெற்கே போகப் போக நாணல் மதில் மாதிரி இரு பக்கமும் வரும். பிறகு நாணல் சிதறும், தண்ணீர் அகலும். எந்த இடத்தில் ஆறு முடிந்தது என்று படகுக்காரரே சொல்ல மாட்டார். தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்தேன், உப்பே இல்லை. வோல்கா நீர் அவ்வளவு தூரம் உள்ளே போகிறது. காஸ்பியன் முழுவதுமே சாதாரணக் கடலின் உப்பில் மூன்றில் ஒரு பங்குதான். தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் கடல் டெல்டாவுக்குள் ஏறி வரும், அந்தக் காற்றுக்கு மர்யானா என்று பெயர். அந்த நாளில் படகேறாதே. அலை அடிக்கும் மணற்கரைதான் வேண்டுமென்றால் இன்னும் தெற்கே தாகெஸ்தான் பக்கம் போக வேண்டும்.

மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம், நோயாளி ஆங்கிலத்தில் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். மூன்றாம் வருடம் வார்டுக்குள் போகும்போது ரஷ்ய மொழி தெரியாத பிள்ளைகள் சுவரோரம் நிற்பார்கள், தெரிந்தவர்கள் கட்டிலருகே நிற்பார்கள். படிப்பில் வரும் வித்தியாசம் அங்கே தொடங்குகிறது. போவதற்கு முன்பே எழுத்துக்களை இங்கே கற்றுக்கொள், இரண்டு வாரம் போதும். மீதியைச் சந்தையில் கற்றுக்கொள். தக்காளி விற்கும் பாட்டிகளைப் போலப் பொறுமையான வாத்தியார் கிடைக்க மாட்டார்கள். ஒரு கிலோ வாங்கிவிட்டு அரைமணி நேரம் பேசலாம்.

தேயிலைக்கார அண்ணா, உப்பு உண்மை. கல்மிக்குத் தேநீர் என்றே பெயர். கட்டியாக அழுத்திய இலையை உடைத்துப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, பால் சேர்த்து, உப்பும் வெண்ணெயும் போட்டு, சிலர் ஜாதிக்காயும் உரசிப் போட்டு, கிண்ணத்தில் குடிப்பார்கள். குளிரில் வெளியே நின்றுவிட்டு வந்து குடித்தால் கஞ்சி குடித்த தெம்பு வரும். வருடம் முழுவதும் இலை பறித்த என் அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அதைத் தேநீர் என்று சொல்லாதே" என்றார். நம் தூளில் அந்தத் தேநீர் போட்டுப் பார்த்தேன். நிறம் வரும், அந்தக் கனம் வராது. அவர்களுக்கு முற்றிய இலையும் காம்பும் சேர்ந்த கட்டி வேண்டும். அதைச் செய்து அனுப்ப யாராவது முன்வந்தால் அஸ்திரகானிலும் கல்மிக்கியாவிலும் கஜகர்களிடமும் வாங்க ஆள் இருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

அண்ணா, கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். அஸ்திரகான் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு எட்டுக்கு அவள் கூப்பிட்டால் உங்களுக்கு ஒன்பதரை, எனவே அம்மா தூங்குவதற்கு முன் பேசிவிடலாம். மாஸ்கோவிலிருந்து ரயிலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். முதல் தடவை தனியாக அனுப்பாதீர்கள், மூத்த மாணவர்களோடு சேர்த்து அனுப்புங்கள். ஊட்டியில் கனமான ஜெர்கின் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், அந்தக் காற்றுக்கு அது தாங்காது, அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். இங்கிருந்து சின்ன குக்கர், வீட்டு மசாலாப் பொடி, புளி, உதட்டுக்குத் தடவ ஏதாவது, பருத்தித் துணிகள் அதிகமாக. விசாத் தாள் கைக்கு வந்ததும் அதில் கல்லூரிப் பெயரும் ஊர்ப் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சொன்ன ஊர் ஒன்றும் தாளில் இருந்த ஊர் வேறொன்றுமாக வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இங்கே கேளுங்கள், வார்டு வேலை முடிந்து இரவில் பார்த்துப் பதில் போடுகிறேன்.